‘மதர்போர்டு போச்சு’ என்று கடையில் சொல்லிவிட்டார்கள், நம்பலாமா?

வியாசர்பாடியிலிருந்து ஒருவர் கேட்டிருந்தார். மகளின் லேப்டாப், வாங்கி ஐந்து வருடம் ஆகிறது. மழை பெய்த ராத்திரி கரண்ட் நாலைந்து தடவை போய்ப்போய் வந்திருக்கிறது, லேப்டாப் சார்ஜில் கிடந்திருக்கிறது. காலையில் பட்டனை அழுத்தினால் லைட் இல்லை, ஃபேன் சத்தம் இல்லை, ஒன்றுமே இல்லை. பக்கத்துக் கடையில் கொடுத்ததற்கு, திறந்துகூடப் பார்க்காமல் மதர்போர்டு போச்சு, மாற்ற 9,500 ஆகும், வேண்டாம் என்றால் 1,500க்கு நாங்களே எடுத்துக்கொள்கிறோம் என்று சொல்லியிருக்கிறார்கள். மகளின் கடைசி வருட ப்ராஜெக்ட் மொத்தமும் அதில்தான் இருக்கிறதாம். லேப்டாப்பை எப்படி ஆன் செய்வது என்று கேட்பதுபோல எழுதியிருந்தாலும் அவர் உண்மையில் கேட்பது இரண்டு கேள்விகள்: கடைக்காரர் சொன்னதை நம்பிப் பணம் கட்டலாமா, பிள்ளையின் வேலை போய்விட்டதா.

பழைய வண்ணாரப்பேட்டையில் 16 வருடமாக லேப்டாப் போர்டு வேலை மட்டும் பார்க்கிறேன், அதை வைத்துச் சொல்கிறேன். இரண்டாவது கேள்விக்கு முதலில் வந்துவிடுகிறேன், அந்த வீட்டில் இப்போது எல்லோருக்கும் தூக்கம் வராமல் இருப்பது அதனால்தான் என்று நினைக்கிறேன். ப்ராஜெக்ட் அநேகமாகப் பத்திரமாக இருக்கிறது. மதர்போர்டு என்பது வேறு, ஃபைல்கள் இருக்கும் ஹார்ட் டிஸ்க்கோ எஸ்எஸ்டியோ வேறு. போர்டு செத்துப்போனாலும் டிஸ்க்கைக் கழற்றி, அதற்கென்று விற்கும் யூஎஸ்பி பெட்டியில் போட்டு இன்னொரு கம்ப்யூட்டரில் சொருகினால் பெரும்பாலும் எல்லாம் அப்படியே திறக்கும். அந்தப் பெட்டி வாங்கும்போது ஒன்று கவனிக்க வேண்டும், எஸ்எஸ்டி பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் சாட்டா, என்விஎம்இ என்று இரண்டு சாதி உண்டு, ஒன்றுக்கான பெட்டியில் மற்றது வேலை செய்யாது. டிஸ்க்கைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு போய்க் கடையில் காட்டி வாங்குவதுதான் நல்லது.

இதில் இரண்டு விதிவிலக்கு இருக்கிறது, இரண்டையும் இப்போதே சொல்லிவிட வேண்டும். விலை குறைந்த சில லேப்டாப்களில் தனி டிஸ்க்கே கிடையாது, இஎம்எம்சி என்று ஒரு சிப்பைப் போர்டிலேயே ஒட்டவைத்திருப்பார்கள். அப்படிப்பட்டதென்றால் போர்டை மாற்றினால் ஃபைலும் போய்விடும், அந்தப் போர்டையேதான் உயிர்ப்பிக்க வேண்டும். 32 ஜிபி, 64 ஜிபி என்று சொல்லி விற்கும் சின்ன மாடல்கள் பெரும்பாலும் இந்த ரகம். இரண்டாவது, விண்டோஸ் 11 உள்ள லேப்டாப்களில் மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட் போட்டு உள்ளே நுழைந்திருந்தால் நமக்குத் தெரியாமலேயே டிஸ்க் பூட்டப்பட்டிருக்க வாய்ப்புண்டு, விண்டோஸ் 10 உள்ளவற்றிலும் சிலதில் உண்டு. அந்தப் பூட்டின் சாவி பழைய போர்டில் இருக்கிறது. டிஸ்க்கை வேறு இடத்தில் சொருகினாலோ போர்டை மாற்றினாலோ 48 இலக்க ரெக்கவரி எண் கேட்கும். பதற வேண்டாம், பெரும்பாலும் அந்த எண் மகளின் மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டிலேயே சேமிக்கப்பட்டிருக்கும், போனில் அதே அக்கவுண்டில் நுழைந்து பார்த்து எழுதி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். இன்றைக்கே செய்யச் சொல்லுங்கள், ஏனென்றால் அந்த அக்கவுண்டின் பாஸ்வேர்டு மறந்துபோய் அது வேறு ஒரு அலைச்சலாகும் வீடுகளை நிறையப் பார்த்திருக்கிறேன். அப்புறம், 1,500க்கு விற்கிற எண்ணம் இருந்தாலும் டிஸ்க்கைக் கழற்றாமல் கொடுக்கவே கொடுக்காதீர்கள். ஒரு பெண்பிள்ளையின் ஐந்து வருட போட்டோக்களும் சர்ட்டிபிகேட்டுகளும் அதில் இருக்கின்றன.

சரி, முதல் கேள்வி. நீங்கள் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள், ‘சார்ஜர்ல லைட் எரியுது, ஆனா லேப்டாப்ல சொருகினா அணைஞ்சிடுது’ என்று. மொத்தக் கேள்வியிலும் எனக்கு முக்கியமாகப் பட்டது அந்த வரிதான். கடைக்காரர் அதைக் கேட்டிருந்தாலே, போர்டு போச்சு என்று ஒரே வார்த்தையில் முடித்திருக்க மாட்டார்.

அடாப்டருக்குள் ஒரு பாதுகாப்பு ஏற்பாடு இருக்கிறது. வெளியே போகும் ப்ளஸ், மைனஸ் இரண்டும் எங்கேயாவது நேராகச் சேர்ந்துவிட்டால், அதாவது ஷார்ட் ஆனால், அது உடனே தன்னை அடக்கிக்கொள்ளும். லைட் அணையும், அல்லது விட்டுவிட்டு மின்னும். பிளக்கைப் பிடுங்கியதும் மறுபடி எரியும், சில அடாப்டர்களைச் சுவரிலிருந்தும் பிடுங்கி ஒரு நிமிடம் வைத்தால்தான் எரியும். ஆக, சொருகினால் அணைகிறது என்றால் லேப்டாப் பக்கம் எங்கோ ஷார்ட் இருக்கிறது என்பது கிட்டத்தட்ட உறுதி. கிட்டத்தட்ட என்று சொல்வதற்குக் காரணம், பழசாகி நொந்துபோன அடாப்டர் சும்மா இருக்கும்போது லைட் காட்டிவிட்டு, லேப்டாப் கொஞ்சம் கரண்ட் இழுத்ததும் படுத்துவிடுவதும் உண்டு. மீட்டர் வைத்தால்கூட 19 வோல்ட் சரியாகக் காட்டும், சுமை ஏற்றினால் விழுந்துவிடும். அதனால் அதே வோல்ட், அதே பின் உள்ள இன்னொரு அடாப்டரை யாரிடமாவது வாங்கி ஒரே ஒரு தடவை சொருகிப் பாருங்கள். வோல்ட் எவ்வளவு என்று அடாப்டரின் முதுகில் எழுதியிருக்கும், 19, 19.5, 20 என்று கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் மாறும். ஆம்பியர் உங்களுடையதற்குச் சமமாகவோ அதிகமாகவோ இருக்கலாம், குறைவாக இருக்கக் கூடாது. அதுவும் அணைந்தால் சந்தேகமே இல்லை, கோளாறு லேப்டாப்பில்தான். திரும்பத் திரும்பச் சொருகிச் சோதிக்காதீர்கள், ஷார்ட் ஆன இடத்தில் ஒவ்வொரு தடவையும் சூடு ஏறும்.

இது எங்கே ஷார்ட் ஆகியிருக்கிறது என்பதில்தான் உங்கள் 9,500 ரூபாய் இருக்கிறது. போர்டை ஒரு வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். சார்ஜர் சொருகும் ஜாக்தான் வாசல். வாசலைத் தாண்டியதும் இரண்டு மாஸ்பெட், அவை வாசற்கதவு மாதிரி, வருகிற வோல்ட் சரிதானா என்று பார்த்த பிறகுதான் திறக்கும். அதைத் தாண்டினால் கூடம், 19 வோல்ட் பொதுவாக ஓடும் இடம். பேட்டரியும் வேறொரு கதவு வழியாக இதே கூடத்துக்குத்தான் வருகிறது. கூடத்திலிருந்து தனித்தனி அறைகள், ஒன்றில் 5 வோல்ட், ஒன்றில் 3.3 வோல்ட், ஒன்றில் ராமுக்கு, அதாவது மெமரிக்கு, வேண்டியது, ஒன்றில் ப்ராசஸருக்கு வேண்டிய சுமார் 1 வோல்ட். ஷார்ட் வாசலில் என்றால் வேலை ரொம்பச் சின்னது. கூடத்தில் என்றாலும் பெரும்பாலும் சரிசெய்யக்கூடியது. ப்ராசஸர் அறையில் என்றால்தான் கவலை.

இப்போது வீட்டிலேயே, ஒரு ஸ்க்ரூவைக்கூடத் தொடாமல் செய்யக்கூடிய ஒன்று சொல்கிறேன். சார்ஜரைப் பிடுங்கிவிட்டுப் பவர் பட்டனை ஒரு நிமிடம் முழுசாக அழுத்திப் பிடியுங்கள். விடுங்கள். பத்து விநாடி கழித்து, சார்ஜர் இல்லாமல், பேட்டரியில் மட்டும் ஒரு தடவை ஆன் செய்து பாருங்கள். ஷார்ட் வாசலில் மட்டும் இருந்து, பேட்டரியில் மிச்சம் சார்ஜும் இருந்தால், லேப்டாப் எழுந்து உட்காரும். பலர் இதைச் செய்து பார்ப்பதே இல்லை, சார்ஜரைச் சொருகியபடியேதான் பட்டனை அழுத்திக்கொண்டிருப்பார்கள். எழுந்துவிட்டால் சந்தோஷத்தில் மற்றதை மறந்துவிட வேண்டாம், அந்தப் பேட்டரி தீரும்வரைதான் அவகாசம், மகளைக் கூப்பிட்டு முதலில் ப்ராஜெக்டைப் பென்டிரைவில் ஏற்றச் சொல்லுங்கள். எழவில்லை என்றால் இரண்டில் ஒன்று, பேட்டரி காலி, அல்லது ஷார்ட் உள்ளே கூடத்திலோ அறைகளிலோ. இந்த இரண்டில் எது என்று மீட்டர் இல்லாமல், இங்கே உட்கார்ந்துகொண்டு என்னால் சொல்ல முடியாது.

பட்டனை ஒரு நிமிடம் அழுத்தச் சொன்னது சடங்கு இல்லை. போர்டில் எம்படட் கண்ட்ரோலர் என்று ஒரு சிப் இருக்கிறது, லேப்டாப் ஆஃப் ஆகியிருக்கும்போதும் அது மட்டும் விழித்திருந்து பட்டன் அழுத்தப்படுகிறதா, மூடி திறந்திருக்கிறதா, சார்ஜர் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கும். கரண்ட் போய்ப்போய் வரும் ராத்திரிகளில் அது சில நேரம் குழம்பி நின்றுவிடும், பட்டன் அழுத்தியதே அதற்குத் தெரியாது. மிச்சமிருக்கும் மின்சாரம் வடிந்தால் முதலிலிருந்து தொடங்கும். உங்கள் லேப்டாப்பில் பேட்டரி வெளியே கழலும் வகை என்றால் அதையும் கழற்றிவிட்டு அழுத்துங்கள். உள்ளே இருக்கும் வகையில் சில மாடல்களுக்கு, குறிப்பாக ஏசரில், அடிப்பக்கம் குண்டூசி நுழையும் ஒரு சின்ன ஓட்டை இருக்கும், பக்கத்தில் பேட்டரி படம் போட்டிருக்கும். பேப்பர் கிளிப்பை நிமிர்த்தி அதில் சில விநாடி அழுத்தினால் பேட்டரியைக் கழற்றி மாட்டியதற்குச் சமம். ‘செத்துப்போச்சு’ என்று என் மேசைக்கு வந்த லேப்டாப்களில் கணிசமானவை இந்த ஒரு நிமிடத்தில் எழுந்து, நான் காசு வாங்காமல் திருப்பி அனுப்பியவை.

ஜாக்கையும் பாருங்கள். டார்ச் அடித்துப் பார்த்தால் நடுவில் இருக்கும் ஊசி வளைந்து ஓரத்தைத் தொட்டுக்கொண்டிருக்கிறதா, கறுத்திருக்கிறதா, ஆடுகிறதா என்று தெரியும். நிறைய மாடல்களில் ஜாக் போர்டில் ஒட்டியிருக்காது, சின்ன ஒயரோடு தனியாக வரும், அதை மாற்ற அரை மணி நேரம் போதும். மல்டிமீட்டர் வைத்திருக்கும் எலக்ட்ரீஷியன் யாராவது தெரிந்தவர் இருந்தால், பேட்டரியைக் கழற்றிவிட்டு, ஜாக்கின் உள்பக்கத்துக்கும் வெளிப்பக்கத்துக்கும் நடுவே பீப் அடிக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அடித்தால் ஷார்ட் வாசலிலேயே இருக்கிறது, நல்ல செய்தி. டைப்-சி சார்ஜர் என்றால் இந்த ஜாக், அடாப்டர் சோதனைகள் எதுவும் இப்படி ஒத்துவராது. அது முதலில் 5 வோல்ட் மட்டும் கொடுத்து, லேப்டாப்போடு பேசிய பிறகுதான் பெரும்பாலும் 20 வரை ஏற்றும். போன் சார்ஜரைப் போட்டு, வேலை செய்யவில்லை, லேப்டாப் போச்சு என்று வருபவர்களும் இருக்கிறார்கள்.

இனி, போர்டு தெரிந்தவர் ஒருவரிடம் கொடுத்தால் அவர் என்ன செய்வார் என்று சொல்கிறேன், கடையில் நின்று கேள்வி கேட்க உங்களுக்கு உதவும். போர்டைக் கழற்றி மீட்டரால் அளந்து எந்த அறையில் ஷார்ட் என்று கண்டுபிடிப்பார். அப்புறம் பவர் சப்ளையிலிருந்து அந்த லைனுக்கு 1 வோல்ட் போல ரொம்பக் குறைவாகக் கொடுப்பார். ஷார்ட் ஆன பாகம் மட்டும் கரண்டை இழுத்துச் சூடாகும். அந்தச் சூட்டைக் கண்டுபிடிக்க இப்போது தெர்மல் கேமரா வந்துவிட்டது, என்னிடம் இருப்பது பழைய வழி, ஐசோப்ரொபைல் ஆல்கஹால். பிரஷ்ஷால் போர்டு மேல் மெல்லிசாகத் தடவினால் எல்லா இடமும் ஈரமாகப் பளபளக்கும். கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். நாலைந்து விநாடியில் ஒரே ஒரு இடம் மட்டும், ரவைக் குருணை அளவு, முதலில் வெளுத்துக் காய்ந்துபோகும். சுற்றி எல்லாம் ஈரம், அது மட்டும் காய்ந்திருக்கும். அதுதான் திருடன். பெரும்பாலும் ஒரு செராமிக் கெப்பாசிட்டர், அதாவது மின்சாரத்தைக் கொஞ்சம் தேக்கி வைக்கும் சின்னப் பாகம், பழுப்பு நிறத்தில், இரண்டு முனையிலும் ஈயப் பளபளப்போடு இருக்கும், வெளியே பார்த்தால் ஒரு கீறல்கூடத் தெரியாது. ஹாட் ஏர், அதாவது சூடான காற்று ஊதும் கருவி, காட்டி அதை எடுத்துவிட்டு மறுபடி அளந்தால் ஷார்ட் போயிருக்கும். பாகத்தின் விலை சில ரூபாய்தான், கண்டுபிடிக்கும் வேலைக்குத்தான் கூலி. இந்த மாதிரி வேலைக்கு நான் 1,500லிருந்து 3,000 வரை வாங்குகிறேன், வடசென்னையில் மற்றவர்களும் பெரும்பாலும் இதை ஒட்டித்தான் வாங்குவார்கள்.

திருவொற்றியூரிலிருந்து ஒரு அம்மா, தையல் கணக்கெல்லாம் லேப்டாப்பில் வைத்திருப்பவர், மூன்று கடை ஏறி இறங்கிவிட்டு வந்தார். மூன்றிலும் போர்டு போச்சு என்ற அதே வார்த்தை. அவருக்கும் உங்கள் மாதிரியே அடாப்டர் லைட் அணைந்தது. ஆல்கஹால் தடவியதும் சார்ஜிங் ஐசிக்குப் பக்கத்தில் ஒன்று காய்ந்தது, எடுத்தேன், அவ்வளவுதான், டீ வருவதற்குள் விண்டோஸ் வந்துவிட்டது. ஆனால் அதே வாரம் மூலக்கொத்தளத்திலிருந்து ஒரு பையன் கொண்டுவந்தது, பார்க்க இதே நோய், இதே லைட் அணைதல், அதைக் காப்பாற்ற முடியவில்லை. ப்ராசஸருக்கு வோல்ட்டைக் குறைத்துக் கொடுக்கும் இடத்தில் மேல் பக்க மாஸ்பெட் ஒன்று உள்ளுக்குள் உருகி, 19 வோல்ட் குறையாமல் நேராக ப்ராசஸருக்குள் போயிருந்தது. 1 வோல்ட்டில் ஓட வேண்டியதில் 19 பாய்ந்தால் அது தாங்காது. இப்போதைய லேப்டாப்களில் ப்ராசஸரைப் போர்டிலேயே ஒட்டிவிடுவதால் அதுதான் நிஜமாகவே ‘போர்டு போச்சு’. இந்த இரண்டும் வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுபோலவே இருக்கும் என்பதால்தான், உங்களுடையது எது என்று நான் அடித்துச் சொல்லவில்லை. திறக்காத கடைக்காரராலும் சொல்ல முடியாது.

அதனால் கடையில் கேட்க வேண்டியது இதுதான்: எந்த லைனில் ஷார்ட், ப்ராசஸர் லைனை அளந்தீர்களா, போர்டு மாற்றுவதென்றால் புதுசா அல்லது வேறு லேப்டாப்பிலிருந்து கழற்றியதா, எத்தனை மாதம் வாரண்டி. வேலை தெரிந்தவர் இந்தக் கேள்விக்குக் கோபப்பட மாட்டார், மீட்டரை எடுத்து உங்கள் கண் முன்னாலேயே காட்டுவார். மாற்றுப் போர்டு என்று சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி தெருவிலிருந்து வருவதில் பெரும்பங்கு கழற்றிய போர்டுதான், அதில் தப்பில்லை, நானும் வாங்கிப் போடுகிறேன், ஆனால் அதற்குப் புதுப் போர்டு விலை கேட்கக் கூடாது. ஐந்து வருட லேப்டாப்புக்கு 9,500 கொடுத்துப் போர்டு போடுவது என் கணக்கில் சரியில்லை. 3,000க்குள் முடிந்தால் சரிசெய்யுங்கள், போர்டே மாற்ற வேண்டும் என்றால் டிஸ்க்கை எடுத்துக்கொண்டு அந்தப் பணத்தை அடுத்த லேப்டாப்புக்கு வையுங்கள். இது என் கருத்துதான், வீட்டு நிலைமை உங்களுக்குத்தான் தெரியும்.

ஒன்றை மட்டும் ஒத்துக்கொள்ளாதீர்கள். சில இடங்களில் போர்டின் பெரிய சிப் மேல் ஹாட் ஏரைக் காட்டிச் சூடேற்றி, ‘வந்துருச்சு பாருங்க’ என்று ஆன் செய்து காட்டுவார்கள். அப்போது வரும், உண்மைதான். சில வாரத்தில் மறுபடி போய்விடும். நானும் ஆரம்ப வருடங்களில் இதைச் செய்திருக்கிறேன், இரண்டு மாதத்தில் அதே முகங்கள் திரும்பி வந்தபோது பதில் சொல்ல முடியாமல் பணத்தைத் திருப்பிக் கொடுத்து நிறுத்தினேன். சிப்புக்குள் போன கோளாறு சூடு காட்டினால் குணமாவதில்லை, கொஞ்ச நாளைக்குத் தள்ளிப்போகிறது, அவ்வளவே.

உங்களுடையது இல்லை என்றாலும், இதே தலைப்பைப் பார்த்துப் படிக்க வருபவர்களுக்காக இன்னொரு வகையையும் சொல்லிவிடுகிறேன். லைட் எரிகிறது, ஃபேன் சுற்றுகிறது, திரை மட்டும் கறுப்பு, இதுவும் ஆன் ஆகவில்லை என்றுதான் சொல்லப்படும், ஆனால் இது முற்றிலும் வேறு நோய். இருட்டில் திரை மேல் டார்ச்சைச் சாய்த்து அடித்துப் பாருங்கள், மங்கலாக எழுத்து தெரிந்தால் திரைக்குப் பின்னால் ஒளி தரும் பேக்லைட்தான் போயிருக்கிறது. டிவியில் எச்டிஎம்ஐ ஒயர் போட்டுப் படம் வந்தால் திரையோ அதன் ஒயரோதான். டெல் லேப்டாப் என்றால் டி எழுத்தை அழுத்திக்கொண்டே பவரை அழுத்தினால் திரை மட்டும் தனியாகச் சிவப்பு, பச்சை, நீலம் என்று நிறம் மாறிக் காட்டும், காட்டினால் திரை நலம். லைட் எத்தனை தடவை மின்னுகிறது என்றும் எண்ணுங்கள். டெல்லில் பேட்டரி லைட்டும் எச்பியில் கேப்ஸ் லாக் லைட்டும் கணக்காக மின்னி, கோளாறு ராமிலா ப்ராசஸரிலா என்று சொல்லும், மாடலுக்கு மாடல் கணக்கு கொஞ்சம் மாறுவதால் அந்தந்த மாடலின் பட்டியலைப் பார்த்துக்கொள்ளுங்கள். ராம் என்றால் பயமே வேண்டாம், பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு ராமை எடுத்து, அதன் தங்க நிறப் பற்களைப் பள்ளிக்கூட ரப்பரால் தேய்த்துத் துடைத்து மறுபடி மாட்டினால் பாதிக்கு மேல் வந்துவிடும். புது மாடல்களில் ராமைக் கழற்றி மாட்டினால் முதல் தடவை திரை வர ஒன்றிரண்டு நிமிடம்கூட ஆகும், அவசரப்பட்டு அணைத்துவிடக் கூடாது. அப்புறம், காந்தம் வைத்த போன் கவரை லேப்டாப்பின் ஓரத்தில் வைத்தால் மூடி மூடியிருக்கிறது என்று அது நினைத்துத் திரையை அணைத்துவிடும். சிரிப்பாக இருக்கும், ஆனால் இதற்காகப் பேருந்து ஏறி வந்தவர்கள் உண்டு.

ராம் பற்களைத் துடைக்கச் சொன்னேனே, அது நம் பக்கத்தில் மற்ற இடங்களைவிட அதிகமாகத் தேவைப்படுகிறது. காசிமேடு, ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் என்று கடலை ஒட்டிய வீடுகளிலிருந்து வரும் போர்டுகளைத் திறந்ததுமே எனக்குத் தெரியும், பித்தளைப் பாத்திரத்தில் களிம்பு ஏறியமாதிரி ஸ்க்ரூவைச் சுற்றிப் பச்சை படர்ந்திருக்கும். உப்புக்காற்றில் வரும் துகள் ஃபேன் வழியாக உள்ளே போய்ப் போர்டில் உட்காருகிறது. காற்றில் ஈரம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே ஈரத்தை இழுத்து நீராகிவிடும், நம் ஊர் விடியற்காலையில் அந்த ஈரம் சாதாரணம். உப்புநீர் கரண்டைக் கடத்தும், செம்பை அரிக்கும். வருடத்துக்கு ஒரு தடவை திறந்து சுத்தம் செய்யுங்கள் என்று நான் சொல்வதை வியாபாரத்துக்காக என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், ராத்திரி ஜன்னலோரம் திறந்தபடி வைக்காமல் மூடிப் பையில் வைத்தாலே பாதி குறையும். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலுக்கு அப்புறம் வந்தவை தனி ரகம், எண்ணூர்ப் பக்கத்து வெள்ளத்தில் எண்ணெயும் கலந்திருந்ததால் போர்டை இரண்டு மூன்று தடவை கழுவ வேண்டியிருந்தது. அதில் ஒன்று கவனித்தேன். நனைந்ததும் தொடாமல் பேட்டரியைக் கழற்றி வைத்திருந்தவர்களுடையதில் நிறையப் பிழைத்தன. வேலை செய்கிறதா பார்ப்போம் என்று ஈரத்தோடு ஒரு தடவை ஆன் செய்தவர்களுடையது பெரும்பாலும் பிழைக்கவில்லை. தண்ணீரைவிட, தண்ணீரோடு ஓடும் கரண்ட்தான் போர்டைத் தின்கிறது. அரிசி டப்பாவில் புதைப்பதால் பயனில்லை, அரிசி உப்பையும் சேற்றையும் எடுக்காது.

அந்த மழை ராத்திரிதான் காரணமா என்றும் கேட்டிருந்தீர்கள். இருக்கலாம், ஆனால் உறுதியாகச் சொல்ல மாட்டேன். கரண்டில் வரும் அடியை முதலில் வாங்குவது அடாப்டர், உங்கள் அடாப்டரோ உயிரோடு இருக்கிறது. ஒவ்வொரு தடவை கரண்ட் வரும்போதும் போர்டின் வாசலில் ஒரு சின்ன உதை விழும், ஏற்கெனவே விரிசல் விட்ட கெப்பாசிட்டர் ஒன்று அன்றைக்குப் பார்த்து விட்டுக்கொடுத்திருக்கலாம். அந்த விரிசல் பல நேரம் நாமே உண்டாக்குவது. திறந்த லேப்டாப்பை ஒரு மூலையை மட்டும் ஒரு கையால் பிடித்துத் தூக்கிக்கொண்டு போகிறோமே, அப்போது போர்டு கண்ணுக்குத் தெரியாமல் வளைகிறது, செராமிக் வளையாது, உள்ளுக்குள் கீறல் விடும். மகளிடம் இரண்டு கையால் தூக்கச் சொல்லுங்கள். ஸ்பைக் பஸ்டர் போட்டிருந்தால் தப்பித்திருக்குமா என்றால், இடி மின்னலில் வரும் ஒரு கண எகிறலுக்கு ஓரளவு உதவும். ஆனால் மழையில் தெரு பில்லர் பாக்ஸில் நியூட்ரல் விட்டுப்போனால் 230 வோல்ட் வர வேண்டிய வீட்டுக்கு 400 வரைகூட நீடித்து வரும், அதை ஸ்பைக் பஸ்டர் தாங்காது. லைட் ஒன்று ரொம்பப் பிரகாசமாகவும் பக்கத்து வீட்டில் மங்கலாகவும் எரிந்தால் அதுதான் அறிகுறி, உடனே மெயினை அணைத்துவிட்டு ஈபிக்குச் சொல்ல வேண்டும். கரண்ட் போய்ப்போய் வரும் ராத்திரியில் சார்ஜரைப் பிடுங்கி வைப்பதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

கடைசியாக, கடைக்குக் கொண்டுபோகும் முன் லேப்டாப்பைத் தட்டையான மேசையில் வைத்துப் பாருங்கள். நாலு மூலையும் படிகிறதா, டச்பேட் மேலெழும்பி இருக்கிறதா. எழும்பியிருந்தால் உள்ளே பேட்டரி உப்பியிருக்கிறது, பட்டனை அழுத்துவதையும் சார்ஜ் போடுவதையும் அதோடு நிறுத்திவிடுங்கள், அமுக்காதீர்கள், குத்தாதீர்கள், கழற்றிய பேட்டரியைக் குப்பை வண்டியில் போடாதீர்கள். கொடுங்கையூர்க் குப்பைக் கிடங்கில் மற்ற குப்பையோடு நசுங்கினால் அங்கே தீப்பிடிக்கும், வேலை பார்ப்பவர்கள் பக்கத்திலேயே நிற்கிறார்கள். பழைய பேட்டரி எடுக்கும் சர்வீஸ் இடத்தில் கொடுத்துவிடுங்கள்.

டச்பேட் எழும்பவில்லை என்றால் இன்று ராத்திரி அந்த ஒரு நிமிடப் பட்டன், அப்புறம் சார்ஜர் இல்லாமல் ஒரு தடவை. என்ன ஆனது, இன்னொரு அடாப்டரும் அணைகிறதா, மாடல் எண் என்ன, இந்த மூன்றையும் எழுதுங்கள். டிஸ்க் தனியாக இருக்கும் மாடலா என்று பார்த்துச் சொல்லிவிடுகிறேன்.